லீவரக்கா பார்க்காமல் விட்ட வீடு

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை ஒரு குளியலறையில் நடந்தது. அவள் ஸ்டூல் மேல் நின்றாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது என் வேலை இல்லை. அம்மாவின் வலது தோள் ஒரு மாதமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. வண்டி ஓட்ட ஆள் வேண்டும், கருவிப் பையைத் தூக்க ஆள் வேண்டும். எனக்கு அன்று விடுமுறை.

"சும்மாதானே இருக்கே, வா" என்றாள்.

சும்மா இல்லை, துவைக்கத் துணி கிடந்தது. போனேன்.

அம்மாவின் தொழில், வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்து அறிக்கை எழுதுவது. கூரை, சுவர், ஒயரிங், குழாய் எல்லாம் பார்ப்பாள். ஆனால் ஊரில் உள்ள பிளம்பர்களிடம் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஹீட்டர்தான். தண்ணீர் சூடாக்கும் தொட்டியின் அடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அதில் விரல் அளவுக்கு ஒரு லீவர். அதைத் தூக்கிப் பார்க்காமல் அம்மா எந்த வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. "லீவரக்கா வந்தாச்சு, வாளியை எடு" என்பது பிளம்பர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வது. அவள் காதிலும் அது விழும். "வாளியை எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவாள்.

அன்று போன வீடு இரண்டாம் மாடியில் ஒரு சின்னக் குடியிருப்பு. வாங்குகிறவர் ஒரு நர்ஸ். கணவர் இல்லை. இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பதின்மூன்று, சின்னவளுக்கு ஏழு. மூன்று வாரத்தில் குடிபுக வேண்டும். அவருக்கு இது சொந்தமாக அமையும் முதல் வீடு. அலமாரிக் கதவை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடி மறுபடி திறந்து பார்த்தார்.

குளியலறைக் கதவுக்கு மேலே ஐம்பது லிட்டர் தொட்டி. அம்மா முதலில் ஒயரைப் பார்த்தாள். சரியான தடிமன். சுவரில் தாங்கிகள் கெட்டி. எர்த் இருந்தது. பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, நர்ஸை ஏறச் சொன்னாள்.

"நானா?"

"உங்க வீடு. நீங்கதான் தூக்கணும். மெதுவா, மேல் பக்கமா."

நர்ஸ் தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன வரணும்?"

"தண்ணி. வெளிய அந்தக் குழாய் வழியா கொட்டணும். கொட்டலை. வாங்க, ஏன்னு பாப்போம்."

வால்விலிருந்து கிளம்பும் குழாய் சுவரைத் துளைத்து, பின்பக்க பால்கனியிலிருந்து கை எட்டும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு மூடி. மூடியைச் சுற்றி வெள்ளை டேப், யாரோ மெனக்கெட்டுச் சுற்றியது. வீட்டை விற்கிறவர் கூடவே இருந்தார்.

"அதுவா? சொட்டிக்கிட்டே இருந்துச்சு. கீழ் வீட்டுல துணி காயப்போட முடியலைன்னு தினம் ஒரு சண்டை. அதான் மூடி போட்டோம். ஆறு வருஷமாச்சு, ஒரு பிரச்சனையும் இல்ல."

"குக்கர்ல வெயிட்டைக் கழட்டிட்டு அந்த ஓட்டையை அடைச்சா எப்படிங்க இருக்கும்? ஆறு வருஷமா அதுக்குக் கீழ நின்னுதான் குளிச்சிருக்கீங்க" என்றாள் அம்மா.

அவர் அண்ணாந்து தொட்டியைப் பார்த்தார். ஒரு அடி நகர்ந்து நின்றார்.

கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீர் சூடானால் விரியும். ஐம்பது லிட்டரை அறுபது டிகிரிக்குக் கொண்டு போனால் முக்கால் லிட்டருக்கு மேல் கூடுகிறது. குளிர்ந்த நீர் வரும் வழியில் ஒருவழி வால்வு இருப்பதால் அந்த முக்கால் லிட்டர் திரும்பிப் போக முடியாது. அது வெளியேறத்தான் அந்தப் பாதுகாப்பு வால்வு. சொட்டுவது அதன் வேலை. சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றைக்காவது கெட்டு, தண்ணீர் கொதித்துக்கொண்டே போனால், சொட்டாமல் கொட்டுவதும் அதன் வேலைதான். வழியை அடைத்துவிட்டால் வீட்டுக்கும் வெடிப்புக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் ஒன்றுதான் மிச்சம்.

ஹீட்டருக்கான சுவிட்சை அம்மா அணைத்தாள். சிவப்பு டேப் ஒட்டி அதன் மேல் எழுதினாள்: "நான் வந்து பார்க்கும் வரை போடக் கூடாது." விற்கிறவர் தன் பிளம்பரை வைத்துச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். மறுபார்வைக்கு இருபத்து நான்காம் தேதி குறித்தாள். நர்ஸின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "அவர் சரியாச்சுன்னு சொல்லுவாரு. பிளம்பரும் சொல்லுவாரு. நான் சொல்றவரைக்கும் போடாதீங்க. பிள்ளைங்க இருக்கு."

திரும்பும்போது வண்டியில் எங்களுக்குள் வழக்கமான சண்டை. நான் தொழிற்சாலைகளுக்கு அழுத்தத் தொட்டிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எந்தத் தொட்டிக்கு எந்த அளவு பாதுகாப்பு வால்வு என்று கணக்குப் போடுவது என் வேலை. தெர்மோஸ்டாட்டும் பாதுகாப்பு வால்வும் ஒரே நேரத்தில் கெடும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று எண்களோடு சொன்னேன். அவள் அந்த நர்ஸைப் பயமுறுத்திவிட்டாள் என்றேன்.

"அந்த வாய்ப்பு எந்தத் தெருவுல, எந்த வீட்டுல குடியிருக்குன்னு உன் கணக்கு சொல்லுமா, இன்ஜினியரம்மா?"

"அதைச் சொல்ல முடியாது."

"அப்ப ரோட்டைப் பாத்து ஓட்டு."

அம்மா படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. பத்தொன்பது வயதில் குழாய் சாமான் விற்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் வேலை. கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, ஒரு இணைப்பின் மரையை விரலால் தடவியே அது எந்த அளவு என்று சொல்லப் பழகினாள். அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம். பிறகு வரவில்லை. இதைப் பற்றி அம்மா சொன்னது மொத்தம் ஒரு வாக்கியம்: "லீக் எங்கேன்னு தெரிஞ்சா அடைக்கலாம், தெரியலைன்னா மெயின் வால்வை மூடிட்டு வேலையைப் பாக்கணும்."

கடைக்கு வருகிற பிளம்பர்கள் தங்கள் தவறுகளைத் தாங்களே வாங்கிக்கொண்டு போவதை இருபது வருடம் பார்த்தாள். வாங்கக் கூடாத மூடியை வாங்குவார்கள். வாங்க வேண்டிய வால்வை வாங்க மாட்டார்கள். சுடுதண்ணீர் வெளியேறும் இடத்திலேயே சாதாரண பிளாஸ்டிக் குழாயை மாட்டுவார்கள், அது ஒரே மாதத்தில் இளகி வளைந்து மறுபடி கடைக்கு வரும். "இது ஹீட்டருக்கு ஆகாதே அண்ணே" என்றால், "சாமானை எடும்மா" என்பார்கள். சாமானை எடுத்துக் கொடுத்தாள். அது அவளை அரித்தது.

வீட்டுப் பரிசோதகர் உரிமத் தேர்வை நாற்பத்தோரு வயதில் எழுதினாள். வரைபடத் தாளில் தோற்றாள். மறு வருடமும் அதே தாளில் தோற்றாள். அண்ணன் அப்போது கல்லூரியில், நான் பள்ளியில். எங்கள் சாப்பாட்டு மேசையில் எங்கள் புத்தகங்களுக்கு இடமில்லை, அவள் வரைதாள்கள்தான் விரிந்து கிடக்கும். "எத்தனை தடவைம்மா எழுதுவே?" என்று அண்ணன் கேட்டான். "அவங்களுக்கு அலுக்கிற வரைக்கும்" என்றாள். மூன்றாம் முறை தேறினாள்.

தொழிலில் அவள் கண்டதை எல்லாம் எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே தொட்டியை வைத்து, கூரைக்குக் கதவே வைக்காமல் பூசிவிட்ட வீடு. "ரிப்பேர் வந்தா எப்படி எடுப்பீங்க?" "வராதுங்க, புதுசு." உள்ளே பொந்தாக இருக்கும் செங்கல்லில் எண்பது லிட்டர் தொட்டியை இரண்டே திருகாணியில் தொங்கவிட்ட வீடு. எர்த் ஒயரைச் சுவரில் அடித்த ஆணியில் சுற்றிவிட்டிருந்த வீடு. அதற்கு அம்மா எழுதிய குறிப்பு: "சுவர் மட்டும் பாதுகாப்பாக உள்ளது." சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் இடம் மாறிப்போன ஒரு வீட்டில், ஐந்து வருடமாக நீலக் குழாயைத் திறந்தால் சுடும் என்று குடும்பமே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு வாசலிலேயே சொல்லிவிடுவார்களாம். ஒரு கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் கூரையைத் தாண்டாமல் பரணோடு நின்றிருந்தது. பரணில் குழந்தையின் தொட்டிலைப் பிரித்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் மட்டும் அம்மா வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. கேஸை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

இவ்வளவு கண்டுபிடித்தவள் ஒரு வீட்டில் தவறினாள். அதையும் எழுதியாக வேண்டும்.

உரிமம் வாங்கிய மூன்றாம் வருடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர், மனைவியோடு குடியேற வாங்கிய வீடு. வெளிச்சுவரில் வால்வுக் குழாயின் நுனி தெரிந்தது, கீழே சுவர் ஈரமாக இருந்தது, சொட்டும் சத்தமும் கேட்டது. சொட்டினால் வேலை செய்கிறது என்று பொருள். "பாதுகாப்பு வால்வு இயங்குகிறது" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஈரம் ஏசியுடையது. இரண்டு குழாயும் அரை அடி இடைவெளியில் சுவரை விட்டு வெளியே வந்திருந்தன. ஏசி சொட்டியது. வால்வு உள்ளே உப்புக் கட்டி இறுகிப்போயிருந்தது. தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லீவருக்குக் கை எட்டவில்லை, ஸ்டூல் வண்டியில் இருந்தது, மழை வரும்போல் இருந்தது.

எட்டு மாதம் கழித்துத் தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தாமல் ஒட்டிக்கொண்டது. தொட்டி அடிப்பக்கம் பிளந்து கூரை வரைக்கும் போனது. குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் இல்லாமல் போனது. தலைமையாசிரியரின் மனைவி அந்த நேரம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அதனால் யாருக்கும் அடி இல்லை.

அம்மா அன்றே போனாள். யாரும் கூப்பிடவில்லை. இடிந்த செங்கல்லுக்கு நடுவில் நின்று, "நான் தூக்கிப் பாக்கலை சார்" என்றாள்.

"நீங்க எழுதினதைப் படிச்சேன்" என்றார் அவர். "அழகான கையெழுத்து."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா எந்த அறிக்கையையும் கையால் எழுதவில்லை. இரண்டு விரலால் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். லீவரை வீட்டுக்காரர் கையால் தூக்க வைக்கும் வழக்கமும் அப்போது வந்ததுதான். தான் மட்டும் தூக்கினால் தான் ஒருத்தி ஏமாந்தால் போதும், வீட்டுக்காரரும் தூக்கினால் இரண்டு பேர் ஏமாற வேண்டும் என்பது அவள் கணக்கு. சரிசெய்யச் சொன்ன வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்காமல் அறிக்கையை மூட மாட்டாள். போட்டோ அனுப்புகிறோம் என்பார்கள். "போட்டோவுல தண்ணி வராது" என்பாள்.

நர்ஸ் வீட்டுக்குப் போய்வந்த எட்டாம் நாள், ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அம்மா இறந்துபோனாள். இதயம். தோள் வலி தோள் வலி இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன். வலிக்கும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் ஒன்று என்பதை நான் தினமும் வேலையில் பார்க்கிறேன். அவள் ஸ்டூலில் ஏறி இறங்கிய பிறகு நெற்றி வியர்த்திருந்ததைப் பார்த்தேன். குளியலறை புழுக்கம் என்று நினைத்தேன். அந்த ஈரத்தையும் நான் சோதிக்கவில்லை.

அண்ணன் வேறு ஊரிலிருந்து வந்தான். இரண்டு வாரம் தங்கி, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். அம்மாவிடம் அறிக்கை வாங்கியவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினோம். மூடாத அறிக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருபத்து நான்காம் தேதி காலை அம்மாவின் போன் அலமாரியில் அடித்தது. நினைவூட்டல். "நர்ஸ் வீடு. தூக்கிப் பார்."

நான் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"அம்மா விஷயம் கேள்விப்பட்டேன்மா" என்றார். "ரொம்ப நல்லவங்க. நாங்க இருபதாம் தேதியே குடி வந்துட்டோம். பிளம்பர் வந்து அந்த மூடியை எடுத்துட்டாரு. சரியாச்சுன்னு சொன்னாரு."

"ஹீட்டர் போடுறீங்களா?"

"அம்மா வர மாட்டாங்கன்னு ஆயிடுச்சு... சின்னவளுக்கு இருமல். டேப்பைப் பிச்சுட்டோம். நல்லாத்தான் வருது, சூடா."

"நீங்க லீவரைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. எனக்கு டியூட்டி. நான் இல்லாதப்ப பெரியவதான் சின்னவளைக் குளிப்பாட்டுவா."

"நான் வர்ற வரைக்கும் அணைச்சு வைங்க."

போனை வைத்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்குப் போறே? உனக்கு உரிமம் இருக்கா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் கடைசியா தொட்டேன்னு சொல்லுவாங்க."

"தொடாம ஏதாவது ஆச்சுன்னா?"

"பிளம்பர் சரிபண்ணிட்டான்ல."

"அப்படித்தான் சொல்றான்."

"அம்மா மாதிரியே பேசாதே."

"வண்டிச் சாவி எங்கே?"

அவன் சாவியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒளித்து வைத்திருந்தானா, மறந்து வைத்திருந்தானா என்று நான் கேட்கவில்லை.

நான் போனபோது நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து, உடை மாற்றாமல் எனக்காக உட்கார்ந்திருந்தார். வீட்டில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. சுவிட்ச் அணைந்திருந்தது. தொட்டியைத் தொட்டேன். இன்னும் சூடு. முதலில் அழுத்தத்தை இறக்கலாம் என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். முதல் நொடி தண்ணீர் சீறிக்கொண்டு வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. பிறகு தணிந்து சாதாரணமாக ஓடியது.

"ரெண்டு நாளா அப்படித்தான் ஆன்ட்டி" என்றாள் கதவோரம் நின்ற பெரியவள். "முதல்ல சீறும். நாங்க அதுக்குப் பூனைன்னு பேர் வெச்சிருக்கோம். திறந்துட்டு ஓடிடுவோம்."

அந்தச் சீற்றம் என் மேசையில் ஒரு எண். இங்கே அது பிள்ளைகளுக்கு விளையாட்டு.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூடி போயிருந்தது. பிளம்பர் பொய் சொல்லவில்லை. மூடி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு புதுக் குழாய்த் திருகு. கைப்பிடி இறுக்கி மூடியிருந்தது.

"இதை யார் மூடினது?"

"நான்தான்மா" என்றார் நர்ஸ். "சொட்டுச்சு. கீழ் வீட்டம்மா மேல வந்து கத்திட்டாங்க, குடி வந்த மூணாம் நாளே. சொட்டினா மூடிக்கங்க, அதுக்குத்தான் திருகு மாட்டியிருக்கேன்னு பிளம்பர் சொல்லியிருந்தாரு."

திறந்தேன். அரை நிமிடம் ஒன்றும் இல்லை, பிறகு ஒரு சொட்டு. பிளம்பருக்குப் போன் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முகத்தில் எரிச்சல், கையில் பை.

"நீங்க யாரு?"

"இங்க வால்வு பாத்தவங்க பொண்ணு."

"லீவரக்கா பொண்ணா?" எரிச்சல் பாதியாகக் குறைந்தது. "அக்கா கடையில இருந்த காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும். நான் எதை வாங்கினாலும் எதுக்குன்னு கேப்பாங்க." பையைக் கீழே வைத்தார். "அவங்க சொன்னபடி மூடியை எடுத்துட்டேனே. இப்ப என்ன?"

"மூடிக்குப் பதிலா திருகு மாட்டியிருக்கீங்க. மூடினா அதுவும் மூடிதான்."

"தேவைப்பட்டா திறந்துக்கலாம்ல?"

"யாரு திறப்பா?"

"வீட்டுல இருக்கிறவங்க."

"தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? அது மணியா அடிக்குது?"

அவர் தலையைச் சொறிந்தார். "சொட்டினா கீழ சண்டை வருதே. அதுக்கு என்ன பண்றது? உங்க அம்மாவும் அதைச் சொல்லலையே."

அது உண்மை. மூடியை எடுக்கச் சொன்னாள். சொட்டும் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. மறுபார்வைக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பாள். நான் குளியலறையைச் சுற்றிப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளித் தரைச்சாக்கடை இருந்தது.

"வெளியே எதுக்குக் கொண்டுபோகணும்? சுவரைத் துளைச்சதுதான் முதல் தப்பு. இங்கேயே கீழ இறக்குங்க. வாய் அளவு எங்கேயும் குறையக் கூடாது. மேல ஏறக் கூடாது, ஒரே சரிவா இறங்கணும். சாக்கடைக்கு ஒரு சாண் மேலே நிக்கட்டும். நடுவுல திருகு கிடையாது. சூடு தாங்குற குழாய்."

"உள்ளேயே தண்ணி சொட்டினா பாக்க அசிங்கமா இருக்காதா?"

"குளிக்கிற இடத்துல தண்ணி சொட்டுறது அசிங்கமா?"

பிளம்பர் சிரித்துவிட்டார். "அப்படியே அக்கா வாய்."

அரை நாள் வேலை. சுவரோடு போன குழாயைக் கழற்றினார். கழற்றும்போது அதன் வாயை எனக்குக் காட்டினார். ஆறு வருட உப்பு உள்ளே படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. வால்வையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். கடைக்குப் போய்ப் புதியதை வாங்கி வந்தார், வழியிலேயே என்னிடம் போனில் அளவைப் படித்துக் காட்டினார். பூசினார், துடைத்தார், தள்ளி நின்று பார்த்தார். சின்னவள் இருமிக்கொண்டே ஒவ்வொரு துண்டையும் எடுத்து என்ன இது என்ன இது என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பெயர் சொன்னார்.

பிறகு தொட்டியை நிரப்பினோம். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போதே நர்ஸை ஸ்டூலில் ஏறச் சொன்னேன்.

"இப்ப தூக்குங்க."

தூக்கினார். புதுக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று வாளிக்குள் விழுந்தது. அவர் பயந்து கையை விட்டார். நின்றது. மறுபடி அவராகவே தூக்கினார். மறுபடி கொட்டியது.

"இதுவா வரணும்னு சொன்னாங்க?"

"இதுதான்."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்றார். பிளம்பர் தன் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

நான் கிளம்பவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாய்க்கு அடியில் ஒரு மக் வைத்தேன். தொட்டி சூடாகச் சூடாகச் சொட்ட ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. தெர்மோஸ்டாட் டிக்கென்று நின்றபோது மக்கில் முக்கால் லிட்டரும் கொஞ்சமும் இருந்தது. என் கணக்கும் அதுதான். கணக்கு சரியாக வந்தால் அம்மாவிடம் சொல்லிக் காட்டுவது என் வழக்கம். மக்கைச் சாக்கடையில் ஊற்றினேன்.

"இனிமே பயமில்லையே?" என்றார் நர்ஸ். "எழுதிக் குடுத்துடுவீங்களா? அம்மா அறிக்கையில அந்த ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு."

"என்னால எழுத முடியாது. எனக்கு உரிமம் கிடையாது."

"அப்ப அது அப்படியே நிக்குமா?"

நிற்கக் கூடாது. மூடாத அறிக்கை என்றால் அந்த வீடு இன்னும் பார்க்கப்படாத வீடுதான். நான் பார்த்தது ஒரு மகள் பார்த்தது. நாளைக்கு இவர்கள் கைமாற்றிவிட்டால், அடுத்து வருகிறவர் கையில் இருப்பது தாள் மட்டும்தான்.

ஊரில் உரிமம் உள்ள இன்னொரு பரிசோதகரைத் தேடிப் பிடித்தேன். அம்மாவுக்கும் அவருக்கும் ஆகாது. ஒரு காலத்தில் அவர் அறிக்கையை அம்மா எல்லோர் முன்னாலும் தப்பென்று சொல்லியிருக்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"போட்டோ அனுப்புங்கம்மா, பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

"போட்டோ வேண்டாம் சார். நேர்ல வரணும்."

"ஒரு வால்வுக்கா?"

"ஒரு வால்வுக்குத்தான்."

நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "திங்கட்கிழமை ஒன்பது மணி. அஞ்சு நிமிஷம்தான் இருப்பேன்."

தூக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நர்ஸ் அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் எட்டரைக்கே போய் வாசலில் நிற்கப் போகிறேன். அந்தப் பரிசோதகர் குளியலறைக்குள் வராமல் கூடத்திலேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.